பிட்காயின் முகவரி

பிட்காயின் முகவரி என்பது பிட்காயின் வலையமைப்பில் பணம் பெற விரும்புபவர் அனுப்புநருக்குத் தரும், எழுத்துகளும் எண்களும் கலந்த சரமாகும். இதை வங்கிக் கணக்கு எண்ணோடு ஒப்பிடுவது வழக்கமெனினும் அவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். கணக்கு எண்ணை வங்கி வழங்குகிறது, முகவரியையோ பயனரின் வாலட் செயலி எவரிடமும் கேளாமல் கணக்கீட்டால் தானே உருவாக்கிக்கொள்கிறது. வாலட்டுக்குள் காசு எதுவும் இருப்பதில்லை. எம்முகவரிக்கு எவ்வளவு வந்தது என்னும் பதிவு பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் இருக்க, அத்தொகையைச் செலவிடும் உரிமையை மெய்ப்பிக்கும் திறவுகோல்களை மட்டுமே வாலட் காக்கிறது.

முகவரிக்கு மூலம் 256 பிட் அளவுள்ள ஒரு தற்போக்கு எண். இதுவே தனித் திறவுகோல். இதிலிருந்து எலிப்டிக் கர்வ் எனப்படும் வளைகோட்டுக் கணிதத்தால் பொதுத் திறவுகோல் பெறப்படுகிறது. 2009இல் வலையமைப்பு தொடங்கிய காலத்து முறையில், பொதுத் திறவுகோல் இருமுறை ஹேஷ் செய்யப்பட்டு, அதாவது மீட்டு விரிக்க இயலாதபடி சுருக்கப்பட்டு, 160 பிட் எண்ணாகிறது. அதன் இறுதியில் பிழை காட்டும் நான்கு பைட் சரிபார்ப்புத் தொகை சேர்க்கப்பட்டு, 58 குறிகளால் எழுதப்படுகிறது. கண்ணை ஏமாற்றும் சுழியமும் பெரிய ‘ஓ’வும், பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் அக்குறிகளிலிருந்து விலக்கப்பட்டுள்ளன, முகவரியை மனிதர் படித்து எழுதக்கூடும் என எண்ணிச் செய்த இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது.

இவ்வகை முகவரிகள் 1 என்னும் இலக்கத்தில் தொடங்கும். பல திறவுகோல்கள் சேர்ந்து திறக்கும் பூட்டு போன்றவற்றுக்குப் பயன்படுபவை 3இல் தொடங்கும். 2017இல் முன்மொழியப்பட்ட புதிய வகை ‘பிசி1’ எனத் தொடங்கி, பெரிய, சிறிய எழுத்துகளைக் கலவாமல், பெரும்பாலும் 42 குறிகள் கொண்டிருக்கும்.

வாலட் செயலியில் ‘ரிசீவ்’ என்பதை அழுத்தினால் முகவரியும் அதன் கியூஆர் கோடும் தோன்றும். ஒவ்வொரு முறையும் புதிய முகவரி காட்டப்படுவதைக் கண்டு பயனர் கலங்க வேண்டியதில்லை. பேரேட்டை எவரும் படிக்கலாம் என்பதால், ஒருவரது வரவுகள் அனைத்தும் ஓரிடத்தில் தெரியாதிருக்கவே இவ்வாறு செய்யப்படுகிறது, பழைய முகவரிகளும் தொடர்ந்து செல்லும். பணம் அனுப்பியபின் மீதித்தொகை அறிமுகமில்லாத முகவரிக்குப் போனதாகப் பேரேட்டில் தெரிவதும் இதைப் போன்றதே. கடையில் பெறும் சில்லறைபோல் அது அதே வாலட்டின் வேறொரு முகவரிக்குத் திரும்பியிருக்கும். பிட்காயினை வாங்கி விற்க உதவும் பரிமாற்றக நிறுவனத்தின் கணக்கில் காட்டப்படும் முகவரி மட்டும் வேறு தன்மையது: அதன் திறவுகோல் பரிமாற்றகத்தின் கையில் உள்ளது.

சரிபார்ப்புத் தொகை தட்டச்சுப் பிழையை ஏறத்தாழ எப்போதும் கண்டுபிடித்துவிடும். பிழையின்றி எழுதப்பட்ட, ஆனால் வேறொருவருக்கு உரிய முகவரியை அதனால் இனங்காண முடியாது. நகலெடுத்த முகவரியைக் கணினியின் நினைவிலேயே மாற்றிவைக்கும் தீநிரல்கள் இக்குறையையே பயன்படுத்துகின்றன. முதல் நான்கு, கடைசி நான்கு குறிகள் ஒத்திருக்கும் போலி முகவரியை உருவாக்குவது கடினமன்று. ஆகவே நடுப்பகுதியையும் ஒப்பிட வேண்டும், தனிக்கருவியாக விற்கப்படும் ஹார்டுவேர் வாலட்டாயின் கணினித் திரையை நம்பாமல் அக்கருவியின் சிறு திரையிலேயே முகவரியைப் படித்துப் பார்க்க வேண்டும். உறுதிப்படுத்தப்பட்ட பரிமாற்றத்தை விலக்கித் தரும் அலுவலகம் எதுவும் பிட்காயினில் இல்லை.