ஜாதகக் கதைகளின் பெயரும் பனுவலும்

புத்த ஜாதக விலங்குக் கதைகளைக் கல்லூரிப் பாடமாகப் படிப்போர்க்கு நீதி விளங்குகிறது. பனுவலின் அடுக்குகள் விளங்குவதில்லை. பாலித் தொகுப்பிலுள்ள 547 கதைகளில் திருமுறையாகக் கொள்ளப்படுவன பொதுவாகச் செய்யுட்களே. கதையை விரித்துரைக்கும் உரைநடை பிற்கால உரையாசிரியர் வழி வந்தது. கவெல் மேற்பார்வையில் 1895 முதல் 1907 வரை வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே தொடராக அமைந்துள்ளன.

இவ்வுரைநடைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை மத்தியப் பிரதேசத்துப் பார்ஹுத் தூபியின் சிற்பங்கள். அவற்றிற் பொறித்த பெயர்கள் சில, பாலித் தலைப்புகளினின்று வேறுபடுகின்றன. அன்ன அரசனின் மகளால் விரும்பப்பட்ட மயில், நாணமின்றி ஆடி அவளை இழந்த கதை பாலியில் ‘நச்ச’ (ஆடல்) ஜாதகம். பார்ஹுத்தில் ‘ஹம்ச’ (அன்னம்) ஜாதகம். சேவலுக்கு மனைவியாவதாக ஆசைகாட்டிக் கொல்ல முயன்ற பூனையின் கதையைப் பாலி ‘குக்குட’ (சேவல்) ஜாதகம் என்கிறது. பார்ஹுத் சிற்பமோ ‘பிடால’ (பூனை), ‘குக்குட’ என இருபெயர் தாங்குகிறது.

ஆடலைச் சுட்டினால் குற்றம் முன்நிற்கிறது. அன்னத்தைச் சுட்டினால் அதனைக் கண்டித்தவர் முன்நிற்கின்றனர். ஆகவே தலைப்பு வெறும் அடையாளமன்று; பொருள்கோளின் முதற்படியாகும். செய்யுளையும் உரைநடையையும் பிரித்துக் காட்டி, தலைப்பு எம்மரபினது என்பதையும் குறிப்பது மொழிபெயர்ப்பாளர் கடமை. இன்றேல் உரையாசிரியரின் தேர்வு மூலத்தின் கூற்றாகவே மாணவரைச் சென்றடையும்.