பாம்பு ஆண்டில் ஒரு சிவன் கோயில்

எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. சீனர்கள் ஆண்டுகளுக்குப் பெயராக வைத்திருக்கும் 12 விலங்குகள் இவை. இந்த வரிசையில் யானை கிடையாது. ஆனால் சிவலிங்கத்தைப் பூசிக்கும் ஒரு யானை சீனாவில் கல்லில் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோனவர்கள் தமிழர்கள்!

சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ளது குவான்சோ. அரபு வணிகர்கள் இதை ஜைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம். வியாபாரத்துக்காகச் சென்ற தமிழர்கள் இங்கே தங்கினார்கள், 1281-ல் ஒரு சிவன் கோயிலும் எழுப்பினார்கள். பேரரசர் குப்லாய் கானின் உடல்நலம் வேண்டி, அவரது ஆணையின்படி, சம்பந்தப்பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததாக அங்கு கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. அதன் அடியில் சீன எழுத்தும் உண்டு.

சீனக் கணக்கில் 1281 பாம்பு ஆண்டு. கல்வெட்டிலோ சக ஆண்டும் சித்திரை மாதமும்தான் இருக்கின்றன. பேரரசர் அவர்களுடையவர், நாட்கணக்கு நம்முடையது!

சிற்பங்களிலும் இதே கதைதான். லிங்கத்தை வழிபடும் யானை, திருவானைக்கா தலபுராணத்தை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்களும் அங்கே உள்ளன. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே புருஷாமிருகம் நினைவுக்கு வரும். மகா சிவராத்திரியன்று 12 சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தின் கதையில், பீமனைத் துரத்துவது இந்தப் புருஷாமிருகம்தானே! அதே சமயம், குவான்சோ சிற்பங்களின் வேலைப்பாட்டில் சீனச் சாயல் தெரிவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கதை தமிழ்நாட்டுடையது, உளி உள்ளூருடையது.

பிற்காலத்தில் அந்தச் சிவன் கோயில் அழிந்தது. கற்கள் சிதறி வேறு கட்டடங்களில் சேர்ந்தன. சிங்க உருவங்களும் மனித முகச் சிங்கங்களும் செதுக்கிய 70-க்கும் மேற்பட்ட பலகைகள், கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்து அடிப்பீடத்தில் இன்றும் இருக்கின்றன. 2021-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த குவான்சோ இடங்களில் இந்தக் கோயிலும் ஒன்று.

வெளிநாட்டில் குடியேறுபவர்கள் எதை விடுவார்கள், எதை விடமாட்டார்கள்? குவான்சோ தமிழர்கள் அந்நாட்டு அரசரை ஏற்றார்கள், ஆணையை ஏற்றார்கள், சீன எழுத்தையும் தங்கள் கல்லில் ஏற்றார்கள். யானையை மட்டும் விடவில்லை!