அந்தத் தோலு எதுல செஞ்சது?

"கோழின்னு போட்டிருக்கான், சரி. அந்தத் தோலு எதுல தம்பி செஞ்சது?"

பண்டார் பாருவின் இரவுச் சந்தையான பசார் மாலாமில் சோசேஜ் கடை முன்னால் ஒரு பாட்டி கேட்டார். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், மாட்டுக்கறி தொடாதவர். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாளே தேட ஆரம்பித்தேன்.

முதலில் பெயர்களைத் துருவினேன். பிராங்க்பர்ட்டர், பிராங்க்பர்ட் ஊர்க்காரர்களின் பன்றிக்கறிச் சோசேஜ். வீனர் வியன்னாவுடையது, அதில் மாட்டுக்கறியும் சேரும். சலாமி என்ற சொல்லுக்குள் இத்தாலிய உப்பு இருக்கிறது. அதை வேகவைப்பதில்லை, உப்பிட்டு நொதிக்கவிட்டு மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். சோசேஜ் என்ற சொல்லே 'உப்பிட்டது' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இலங்கையின் லிங்குஸ், போர்ச்சுக்கீசிய லிங்குயிசாவின் வழித்தோன்றல். வினிகரும் கிராம்பும் மிளகும் அதன் மணம். ஊர் இருந்தது, உப்பு இருந்தது. தோலைப் பற்றி ஒரு பெயரும் வாய் திறக்கவில்லை.

கிரியான் ஆற்றைத் தாண்டி பாரிட் புந்தாருக்குப் போனேன். சீன மளிகைக் கடையில் லாப் சியோங் சரம் சரமாகத் தொங்கியது. பன்றிக்கறி, கொழுப்பு, சர்க்கரை சேர்த்து உலர்த்தியது. 'லாப்' என்பது சீனரின் 12ஆம் மாதம், 'சியோங்' என்றால் குடல். ஒளிவுமறைவில்லாத பெயர்!

அந்தக் குடலைப் பிடித்துக்கொண்டு 6ஆம் நூற்றாண்டுக்குப் போனேன். ஜியா சிசியே எழுதிய 'சிமின் யாவ்ஷு' என்ற வேளாண் நூலில் குடலில் கறி அடைக்கும் முறை இருக்கிறது. பன்றியைத் தேடிப்போன எனக்கு அங்கே ஆடு கிடைத்தது. ஆட்டுக்குடலைச் சுத்தமாகக் கழுவி, பொடியாக நறுக்கிய ஆட்டுக்கறியோடு வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, உப்பு, நொதித்த சோயாச் சாறு, இஞ்சி எல்லாம் கலந்து அடைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தீயில் வாட்ட வேண்டும். குடல் கழுவத் தெரிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் பாதி வேலை பழக்கமானது.

அப்புறம் தொழிற்சாலை வந்தது. 1920களில் அமெரிக்காவில் செல்லுலோஸ் உறை புழக்கத்துக்கு வந்தது. தாவர நாரில் செய்த குழாய் அது. கறிக்கூழை அதில் அடைத்து வேகவைத்தால் மேல்புறம் தானே இறுகிக்கொள்ளும். பிறகு உறையை உரித்து எறிந்துவிடுவார்கள். தோலில்லாத சோசேஜ் இப்படித்தான் வருகிறது. உரிக்காமல் தின்கிற மெல்லிய உறை பெரும்பாலும் கொலாஜன். மாட்டுத் தோலின் உள்ளடுக்கைக் கூழாக்கி அதைச் செய்கிறார்கள். உள்ளே கோழியே இருந்தாலும் இந்த உறை வரலாம்.

அடுத்த வாரம் பாட்டியிடம் இரண்டு பாக்கெட்டுகளைக் கொண்டுபோனேன். ஒன்றில் தோல் இல்லை. மற்றதில் கொலாஜன் என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.

"பேரப்புள்ளைங்களுக்கு இதத்தானே வாங்கிக் கொடுத்தேன்," என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த எழுத்த ஒரு தாள்ல பெருசா எழுதிக் குடு தம்பி, கடைக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றார்.