அடாப்டர் புரதங்கள்: கண்டறியப்பட்ட வரலாறு

செல்லின் சவ்வில் பதிந்துள்ள புரதங்களில் எது எங்கே செல்ல வேண்டும் என்று பிரித்து அனுப்பும் புரதங்களே அடாப்டர் புரதங்கள். சவ்வுப் புரதத்தின் ஒரு முனை செல்லின் உட்புறம் வால்போல நீண்டிருக்கும். அந்த வாலில் உள்ள குறியீட்டை அடாப்டர் ஒரு பக்கம் பற்றிக்கொள்கிறது. மறுபக்கம் கிளாத்ரின் என்ற உறைப்புரதத்தைப் பிடிக்கிறது. இதனால் உரிய புரதம் உரிய நுண்பையில் ஏறுகிறது. அஞ்சலகத்தில் முகவரி பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பதோடு இதை ஒப்பிடலாம். செல்லுக்குள் முகவரியும் உண்டு, அதைப் படிக்கும் புரதமும் உண்டு என்பது தெளிவாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இதில் பரம்பரை நோயாளிகளின் செல்கள் பெரும் துணை புரிந்தன.

கொசு முட்டையில் தெரிந்த குழிகள்

1964-ல் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் ஆகிய இருவரும் ஏடிஸ் எகிப்தி கொசுவின் முட்டைச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். இன்று டெங்குக் கொசு என்று நாம் அறிந்திருப்பது இதுவே. கொசு இரத்தம் குடித்து ஏழு மணி நேரம் ஆனதும் முட்டைச் செல்லின் மேற்பரப்பில் சிறு குழிகள் 15 மடங்கு பெருகியிருந்தன. ஒவ்வொரு குழியிலும் செல்லின் உட்புறத்தை நோக்கிய பக்கத்தில் மயிர்க்கால்கள்போல ஒரு பூச்சு காணப்பட்டது. மஞ்சள் கருவுக்கான புரதம் இக்குழிகள் வழியே உள்ளே செல்கிறது என்று அவர்கள் விளக்கினர்.

அந்தப் பூச்சு எதனால் ஆனது என்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் கண்டறிந்தார். பன்றி மூளையிலிருந்து பூச்சுள்ள நுண்பைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் முதன்மைப் புரதத்துக்கு 1976-ல் கிளாத்ரின் என்று பெயரிட்டார். இது பின்னல் கூடைபோல நுண்பையைச் சுற்றி அமைகிறது. ஆனால் கூடைக்குள் எதை ஏற்றுவது என்பதைக் கிளாத்ரின் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வி எஞ்சியது.

ஒட்டியும் உள்ளே நுழையாத ஏற்பி

இக்கேள்விக்கான முதல் தடயம் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கிடைத்தது. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் குடும்பவழி மிகைக் கொலஸ்டிரால் நோயை ஆராய்ந்து வந்தனர். இந்நோயின் கடுமையான வகையில் சிறு வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளைச் செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியில் உள்ள குறையே காரணம் என்று அவர்கள் கண்டனர்.

பெரும்பாலான நோயாளிகளின் செல்களில் எல்டிஎல் ஒட்டவேயில்லை, அல்லது குறைவாகவே ஒட்டியது. ஒரு நோயாளியின் செல்களில் மட்டும் எல்டிஎல் நன்றாக ஒட்டியது. ஆனால் உள்ளே செல்லவில்லை. 1977-ல் ரிச்சர்ட் ஆண்டர்சனும் இவ்விருவரும் காரணத்தை வெளியிட்டனர். பூச்சுள்ள குழிகள் செல் மேற்பரப்பில் சுமார் 2 விழுக்காடு இடமே பிடிக்கின்றன. இயல்பான ஏற்பிகளில் பாதிக்கு மேல் அக்குழிகளில் கூடியிருக்கும். இந்த நோயாளியின் ஏற்பிகளோ குழிகளில் சேராமல் சிதறிக் கிடந்தன.

1986-ல் பிழையின் இடமும் தெரிந்தது. ஏற்பியின் உள்வாலில் 50 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் இருந்தது. ஓர் எழுத்து மாறியதால் முகவரி படிக்க முடியாமல் போயிற்று.

முகவரியைப் படிக்கும் புரதம்

இதற்கிடையே பியர்ஸும் மார்கரெட் ராபின்சனும் கிளாத்ரினோடு சேர்ந்து கிடைக்கும் வேறு புரதங்களை 1984-ல் தூய்மையாகப் பிரித்தனர். அவற்றில் இரு வகைகள் இருப்பது பின்னர் தெரிந்தது. ஏபி-1 கோல்கைப் பகுதியிலும், ஏபி-2 செல்லின் வெளிச்சவ்விலும் பணிபுரிகின்றன. ஒவ்வொன்றும் நான்கு துணைப்புரதங்களால் ஆனது. ஏற்பிகளின் உள்வால்கள் ஏபி-2 புரதத்தோடு ஒட்டுவதை 1988-ல் பியர்ஸ் காட்டினார்.

1995-ல் ஹிரோஷி ஓனோ, ஹுவான் போனிஃபாசினோ குழுவினர் டைரோசின் கொண்ட ஒரு வகைக் குறியீட்டைப் படிப்பது மியூ என்னும் துணைப்புரதம் என்று நிறுவினர். அது எவ்வாறு பொருந்துகிறது என்பதை 1998-ல் டேவிட் ஓவன், பிலிப் எவன்ஸ் ஆகியோர் படிக அமைப்பின் மூலம் காட்டினர்.

அடாப்டர் எந்நேரமும் வேலை செய்வதில்லை. செல் திரவத்தில் மிதக்கும்போது ஏபி-2 மூடிய நிலையில் இருக்கிறது. குறியீடு பொருந்தும் இடம் மறைந்திருக்கும். வெளிச்சவ்வில் உள்ள பிஐபி-2 என்ற கொழுப்புப் பொருளோடு சேரும்போதுதான் அது விரிந்து குறியீட்டைப் பற்றுகிறது. 2002, 2010 ஆண்டுகளில் வெளியான படிக அமைப்புகள் இதை உணர்த்தின. தவறான இடத்தில் சரக்கு ஏறாமல் இருக்க இதுவே பாதுகாப்பு.

பிற அடாப்டர்கள்

ஏபி-3 கண்டறியப்பட்டபோது ஒரு பழைய புதிரும் விடுபட்டது. பழ ஈயின் கண் நிறத்தை மாற்றும் கார்னெட் என்ற மரபணு, ஏபி-3 புரதத்தின் ஒரு பகுதிக்கு உரியது என்று 1997-ல் தெரிந்தது. மனிதரில் ஏபி-3 குறைந்தால் தோல், முடி நிறம் வெளிறுதலும் எளிதில் இரத்தம் கசிதலும் ஏற்படுகின்றன. ஏபி-4 1999-லும் ஏபி-5 2011-லும் அறியப்பட்டன. ஏபி-4 குறைபாடு குழந்தைகளுக்குக் கால் விறைப்பையும் வளர்ச்சித் தாமதத்தையும் தருகிறது.

முகவரி சரி, படிப்பவர் இல்லை

எல்டிஎல் ஏற்பியின் கதை 2001-ல் முழுமை பெற்றது. இத்தாலியின் சார்டினியா தீவில் சில குடும்பங்களில் கொலஸ்டிரால் மிக அதிகமாக இருந்தது. ஆனால் அவர்களின் எல்டிஎல் ஏற்பியில் எந்தப் பிழையும் இல்லை. ஏஆர்எச் என்ற மற்றோர் அடாப்டரின் மரபணுவில்தான் பிழை இருந்தது. 1986-ல் மாறியிருந்த அதே டைரோசின் குறியீட்டைக் கல்லீரல் செல்களில் படிப்பது இந்த அடாப்டரே. அது கிளாத்ரினையும் ஏபி-2 புரதத்தையும் பற்றிக்கொண்டு ஏற்பியைக் குழியில் சேர்க்கிறது.

முதல் நோயாளியிடம் முகவரி பிழையாக இருந்தது. சார்டினியாக் குடும்பங்களில் முகவரி சரியாக இருந்தும் படிப்பதற்கு ஆள் இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே நோய்போலத் தெரிகின்றன. காரணம் வேறு என்று தெரிந்த பிறகே, பெற்றோர் இருவரும் நலமாக இருந்தும் குழந்தைக்கு இந்நோய் எப்படி வருகிறது என்பதை அக்குடும்பங்களுக்கு விளக்க முடிந்தது.