துலாவும் திருப்பச் சமநிலையும்

துலா, யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீர் அள்ளப் பயன்பட்ட நெம்பு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலத்தில், கரவெட்டி போன்ற வடமராட்சி ஊர்களின் குடிநீரும் தோட்டங்களும் கிணற்றையே நம்பியிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் பரவும்வரை இறைப்புக்குத் துலாதான்.

ஆடுகால்களுக்கிடையே பொருத்திய அச்சில் நீண்ட மரம் ஏறி இறங்கும். நுனியில் கயிறும் வாளியும், அடியில் பாரக்கல். விசையின் பருமனை, அச்சிலிருந்து அதன் தாக்கக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்பம். வலஞ்சுழித் திருப்பங்களின் கூட்டுத்தொகையும் இடஞ்சுழித் திருப்பங்களின் கூட்டுத்தொகையும் சமமானால் மரம் சமநிலையில் நிற்கும். எப்புள்ளி பற்றியும் கணிக்கலாம்; ஆனால் அச்சுப் பற்றிக் கணிப்பதே கெட்டித்தனம். அங்குள்ள மறுதாக்கம் தெரியாதது; தூரம் பூச்சியமாவதால் அது கணக்கிலிருந்தே விலகிவிடும்.

உதாரணமாக, 6 மீற்றர் நீளமும் 40 கிலோகிராம் திணிவும் கொண்ட சீரான மரம். அச்சு அடியிலிருந்து 2.5 மீற்றரில். வெறும் வாளி 2 கிலோகிராம், நீர் 13 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டு, கயிற்றின் நிறையைப் புறக்கணிப்போம். மரத்தின் ஈர்ப்பு மையம் நுனிப்பக்கம் 0.5 மீற்றரில் இருப்பதால் அதன் திருப்பம் 200 நியூற்றன் மீற்றர். நிறைவாளியின் திருப்பம் 150 × 3.5 = 525. இரண்டையும் கல்லே தாங்க 725 ÷ 2.5 = 290 நியூற்றன், அதாவது 29 கிலோகிராம் கல் வேண்டும்.

மாணவர் பலர் இங்கேயே நிறுத்திவிடுவர். அக்கல்லைக் கட்டினால் நிறைவாளி லேசாக எழும். வெறும் வாளியை இறக்கவோ 130 நியூற்றன் விசையுடன் இழுக்கவேண்டும். நீரின் முழு நிறையும் அதுவே. ஏறத்தாழ 20 கிலோகிராம் கல்லே சரியானது: இறக்கவும் 65 நியூற்றன், ஏற்றவும் 65 நியூற்றன் போதும்.

மரம் சரிந்தால் கணக்கு மாறுமா? விசைகள் யாவும் நிலைக்குத்தானவை. அச்சும் விசைகள் தாக்கும் புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தால், செங்குத்துத் தூரங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும். எனவே சமநிலை எந்தச் சரிவிலும் நிலைக்கும்.

தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒருவரோ பலரோ துலாவின் மேலேயே ஏறி நடப்பர்; கீழே நிற்பவர் பட்டை எனும் இறைகலத்தைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். இங்கே நிறை மாறுவதில்லை, தூரமே மாறுகிறது. மேற்கண்ட துலாவில் 20 கிலோகிராம் கல்லுடன், 60 கிலோகிராம் திணிவுள்ளவர் அச்சிலிருந்து அடிப்பக்கம் 0.38 மீற்றர் வந்ததும் நிறைவாளி சமநிலை அடையும். அதைத் தாண்டினால் எழும். நுனிப்பக்கம் அதே தூரத்தைத் தாண்டினால் வெறும் வாளி இறங்கும். பாசனத் துலாவில் பட்டையும் பெரிது, நடையும் நீளம்.