நொண்டி நடையின் தாளம்

படூரில் ஓ.எம்.ஆர். ஓரம் பைக்கிலிருந்து விழுந்தேன். இடது முழங்காலில் ஆபரேஷன். அதன்பின் மூன்று மாதம் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில்தான் நடக்கப் பழகினேன். "மனசுக்குள்ள தாளம் போட்டு நடங்க சார்" என்றார் பிசியோதெரபிஸ்ட். போட்டுப் பார்த்தேன். நல்ல காலுக்கு இரண்டு பங்கு நேரம், அடிபட்ட காலுக்கு ஒரு பங்கு. ஆகமொத்தம் மூன்று.

அதற்குத் தோதான பாட்டைத் தேடப்போய்த்தான் அயர்லாந்தின் ஜிக் காதில் விழுந்தது. ஜிக் என்றால் இசையும் அதுதான், ஆட்டமும் அதுதான். பெரும்பாலும் ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகப் பிரியும். நம்ம ஊர்ச் சொல்லில் தகிட தகிட. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் நாடகம் முடிந்ததும் கோமாளிகள் ஆடிப் பாடும் சின்னக் கூத்துக்கும் ஜிக் என்றே பெயர். வில் கெம்ப் என்ற கோமாளி நடிகர் 1600இல் லண்டனிலிருந்து நார்விச் வரை ஆடிக்கொண்டே போனார். ஆடிய நாட்கள் ஒன்பது. இந்தக் கூத்துக்கு வரும் கூட்டம் கலாட்டா பண்ணுகிறது என்று 1612இல் மிடில்செக்ஸ் நீதிபதிகள் அதற்குத் தடை போட்டார்கள்.

பாட்டும் ஆட்டமும் கூத்தும் ஒன்றாகக் கலந்தது நம்மிடமும் உண்டு: நொண்டிச் சிந்து. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் வந்த நொண்டி நாடகங்கள் இந்தச் சிந்தில் அமைந்தவை. ஒரே ஆள், ஒற்றைக் காலில் தாவித் தாவித் தன் கதையைச் சொல்வான். தாசியிடம் பணத்தையெல்லாம் தொலைத்தவன், குதிரை திருடப்போய் மாட்டிக்கொண்டு காலை இழப்பான். கடைசியில் தெய்வ அருளால் கால் திரும்பக் கிடைக்கும். திருச்செந்தூர் நொண்டிக்கு முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்கா.

ஒருநாள் கீழ்வீட்டுப் பையன் என் நடையை நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அன்று ராத்திரி நொண்டி நாடகத்தை நினைத்தபோது சிரிப்பு வரலை. ஊர் கூடி ரசித்தது தண்டனை வாங்கிய ஒருத்தனின் உடம்பைத்தானே?

ஆனால் சிந்து அங்கேயே நின்றுவிடவில்லை. 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை'யை எழுத பாரதி எடுத்துக்கொண்டது இதே நொண்டிச் சிந்துதான். 1912இல் முதல் பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திலும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது. வேடிக்கை காட்டப் பிறந்த நடையில் ஒரு கவிஞன் துக்கத்தையும் கோபத்தையும் பேசினான். சபைப் புலவர்கள் மதிக்காத தெருப்பாட்டுக்கு அவ்வளவு பாரத்தைத் தாங்கும் பலம் இருந்திருக்கிறது.

நொண்டி நாடகத்தில் கால் வளர்ந்துவிடும். பாரதி தன் பாட்டில் அப்படியொரு அற்புதத்தைக் காட்டவில்லை. நிலைமையைச் சொன்னான், அவ்வளவுதான்.

எனக்கு இப்போ கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் அந்த மூன்று திரும்ப வருகிறது. நான் அதை மறைப்பதில்லை.