டிப்ளமோ டீச்சரும் டிகிரி டீச்சரும்



போன வாரம் தம்பி வீட்டு விசேஷத்தில் ஒரு பேச்சு வந்தது. பிளஸ் டூ முடித்திருக்கும் தம்பி மகள், "அத்தை, நான் சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சர் ஆகணும். என்ன படிக்கலாம்?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த உறவினர், "டிப்ளமோ எல்லாம் வேண்டாம்மா. டிகிரி முடிச்சு பி.எட். பண்ணு. அதுக்குத்தான் மதிப்பு" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தானே!

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இந்த மதிப்புக் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்குச் சொல்ல நினைத்தேன். பந்தி நேரத்தில் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவர நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் எழுத்துப் பாடத்தை ஒப்படைத்தார். அது நன்றாகவே நடந்தது. 1797-இல் இதை அவர் லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. செலவு குறைவு அல்லவா!

நம் மண்ணின் வழக்கம் கடல் கடந்து போனதில் பெருமைதான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற எண்ணமும் இதனுடன் சேர்ந்தே வளர்ந்தது என்பது என் கருத்து.

1854-இல் வந்த வுட் அறிக்கை, ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றது. 1856-இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றதும் அங்கேதான்.

1882-இல் ஹண்டர் குழு அமைந்தபோது, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரிகள் சென்னையிலும் லாகூரிலுமாக இரண்டே இருந்தன. பட்டம் பெற்றவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி போதும், மற்றவர்களுக்கு நீண்ட பயிற்சி வேண்டும் என்றது அந்தக் குழு. பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. பட்டதாரிக்குப் பல்கலைக்கழகம் எல்.டி. பட்டம் கொடுத்தது. அது பி.டி. ஆகி, பிறகு பி.எட். ஆனது. பி.டி. பட்டம் போய்ப் பல காலம் ஆகியும், 'பி.டி. அசிஸ்டென்ட்' என்ற பதவிப் பெயரை நாம் விடவில்லை! தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ்தான். சம்பளமும் மரியாதையும் அதே வழியில் பிரிந்தன.

1904-இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் ஒரு நல்ல காரியம் சொன்னது. ஒவ்வொரு பயிற்சிக் கல்லூரியோடும் ஒரு பள்ளி இணைந்திருக்க வேண்டும், படிப்பவர் அங்கே கற்பித்துப் பழக வேண்டும் என்றது. அதன் அருமை எனக்குத் தெரியும்.

நான் பயிற்சியில் இருந்தபோது, மாதிரிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் நடத்தினேன். பாடக்குறிப்பு பிரமாதமாக எழுதியிருந்தேன். புரோபல், மாண்டிசோரி எல்லாம் மனப்பாடம். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கடன் வாங்கினா திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வகுப்பாசிரியை எழுந்து வந்தார். விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தார். ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டி, "இது கடன் இல்லடா. பத்து ரூபாய் நோட்டைச் சில்லறை மாத்துற மாதிரி" என்றார். பையன் முகம் மலர்ந்தது. அவர் பட்டதாரி இல்லை. ஆனால் அந்தக் குச்சிக்கட்டு வித்தையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள் எல்லோரும் அந்தக் குச்சிகளை எண்ணியவர்கள்தான். ஞாபகம் இருக்கிறதா?

சரி, கதைக்கு வருகிறேன். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் 'டயட்' நிறுவனங்கள் வந்தன. 1993 சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் சட்ட அதிகாரம் பெற்றது. ஓராண்டாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டாண்டு ஆனது. 2018-இல் அந்தக் குழுமம், பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கலாம், பணியில் சேர்ந்த பின் ஆறு மாதப் பயிற்சி பெற்றால் போதும் என்று அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: தொடக்க வகுப்புகளுக்குப் பி.எட். உரிய தகுதி ஆகாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே அமைந்த பட்டயப் படிப்புதான் தகுதி.

அன்று செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். பி.எட். படித்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருந்த பிள்ளைகளை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. பி.எட். தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்த எனக்குத் தகுதி இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதவைப்பது வேறு வேலை, அவ்வளவுதான்.

இப்போது பிளஸ் டூ முடித்ததும் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பு 2023-24 முதல் நாட்டில் சில நிறுவனங்களில் நடக்கிறது. அதில் மழலை வகுப்பு முதல் மேல்நிலை வரை எந்தப் பருவத்துக்குக் கற்பிக்கப் போகிறோம் என்று பிரித்துப் படிக்கலாம். சின்னப் பிள்ளைகளின் டீச்சருக்கும் பல்கலைக்கழகப் பட்டம்! நூறு வருடங்களுக்கு மேல் தாமதம் என்றாலும் நல்லதுதான். 2030-க்குள் இதையே குறைந்தபட்சத் தகுதியாக்க 2020 கொள்கை சொல்கிறது. எங்கள் பட்டயப் படிப்பு அப்போது பழங்கதை ஆகிவிடலாம். ஆகட்டும். அந்தக் குச்சிக்கட்டு மட்டும் புதிய படிப்புக்குள் போய்ச் சேர வேண்டும்.

தம்பி மகளே, உனக்கு என் பதில் இதுதான். எது பெரிய படிப்பு என்று கேட்காதே. எந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கப் போகிறாய் என்று முதலில் முடிவு செய். சேரப்போகும் இடத்தில், எத்தனை நாள் உண்மையான வகுப்பில் நிற்கவைப்பார்கள் என்று கேள். சரியான பதில் சொல்லாத இடத்தில் சேராதே.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, உங்களைத் திணறவைத்த முதல் கேள்வி எது என்று கீழே எழுதுங்கள். அவள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மூணாம் கிளாஸ் டீச்சர்